திருகோணமலையின் மாரி மழை: மொத்தக் கணக்கு மறைப்பவை

மாசி மாதம் முடியும்போது திருகோணமலை மாவட்டத்தில் வயல் வைத்திருப்போர் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: இந்த மாரிக்கு எவ்வளவு மழை? பதிலாக ஓர் எண் வரும். போன வருடத்தை விடக் கூட, அல்லது குறைவு. அந்த எண்ணை வைத்தே சிறுபோகத்துக்கு, அதாவது மாரி முடிந்த பின் குளத்து நீரில் செய்யும் நெல்லுக்கு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்ற பேச்சுத் தொடங்கும். பிழையும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே அளவு மழை பெய்த இரண்டு மாரிகளில் ஒன்றில் குளம் வான் பாயும். மற்றதில் நீர் திறக்கும் துருசுக்கு மேல் முழங்கால் ஆழத்துக்குக்கூட நீர் நிற்காது. மாரி மழையில் செய்யும் பெரும்போகம் நன்றாக விளைந்த வருடத்திலேயே சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் போவதும் உண்டு.

இந்த ஆய்வு மூன்று மாரிகளை எடுத்துக்கொள்கிறது: 2010–11, 2016–17, 2020–21. ஒன்று பிந்திப் பெய்து அழித்தது, ஒன்று பெய்யாமல் அழித்தது, ஒன்றில் ஒரு புயலின் பாதைதான் மழை யாருக்கு என்பதைத் தீர்மானித்தது. இந்த வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன, அவை கண்ணுக்குத் தெரியும்படி மழையை எப்படி அளந்து எப்படிக் கணக்கிடுவது என்பதே இங்கே பேசப்படும் விடயம்.

எந்தக் காலத்தை எண்ணுவது

திருகோணமலையின் நீண்டகால ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,600 மி.மீ. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானது ஒக்டோபரிலிருந்து பெப்ரவரி வரையான ஐந்து மாதங்களில் விழுகிறது. நவம்பரும் டிசம்பரும் தலா 300 மி.மீ.ஐத் தாண்டும். யூனில் சராசரி 30 மி.மீ.ஐக்கூட எட்டுவதில்லை. 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்ற சொல்வழக்கு இங்கே மாதக் கணக்கோடு நன்றாகவே பொருந்துகிறது.

வளிமண்டலவியல் திணைக்களம் இந்த ஐந்து மாதங்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். மழையின் சுபாவத்தைப் பார்த்தால் இந்தப் பிரிப்பு சரியானது. ஒக்டோபர் மழை பெரும்பாலும் பின்னேரம் இடியோடு வரும். கந்தளாயில் கொட்டும், தம்பலகாமத்தில் துளிகூட விழாது. டிசம்பர் மழை வாடைக் காற்றோடு கடலிலிருந்து வரும். இரவிலும் விடியற்காலையிலும் கரையோரத்தில் பரவலாகப் பெய்யும். ஆனால் குளத்துக்கும் வயலுக்கும் இரண்டும் ஒரே பருவம்தான். அதனால் கணக்கை ஒக்டோபர் 1 தொடங்கி பெப்ரவரி கடைசி நாள் வரை ஒரே மாரியாக எடுக்க வேண்டும்.

சனவரி முதல் டிசம்பர் வரை ஆண்டுக் கணக்கு வைப்பது மிகப் பழைய பிழை, இன்னும் தொடர்கிறது. அப்படிச் செய்தால் ஒரே மாரியின் நடு முதுகில் வெட்டு விழுகிறது. 2011 சனவரியில் கிழக்கை மூழ்கடித்த மழை 2010 ஒக்டோபரில் தொடங்கிய மாரியின் பகுதி. ஆண்டுவாரிப் பட்டியலிலோ அது 2011 நவம்பர் மழையோடு சேர்ந்து 'நல்ல வருடம்' என்று ஒரே வரியில் நிற்கும். அந்த வரியைப் பார்த்து எதையும் விளங்கிக்கொள்ள முடியாது.

வெண்பனி விழும் நாடுகளில் இதே பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நீர்க் கணக்கு ஆண்டு ஒக்டோபர் 1இல் தொடங்குகிறது. மலையில் சேரும் பனியை டிசம்பர் 31இல் இரண்டாகப் பிரித்தால் கணக்கு அர்த்தமிழந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்குப் பனி இல்லை, ஆனால் ஆண்டின் திருப்பத்தைத் தாண்டி நீளும் மழைப் பருவம் இருக்கிறது. அதே திகதி நமக்கும் பொருந்துகிறது.

அளவை எங்கே கெடுகிறது

மழையளவு என்பது நிலத்தில் தேங்கினால் நிற்கக்கூடிய நீரின் ஆழம். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர். மழைமானியின் வாய் 203 மி.மீ. விட்டமானால் 1 மி.மீ. மழைக்கு 32.4 மில்லிலீற்றர் சேரும், 127 மி.மீ. விட்டமானால் 12.7 மில்லிலீற்றர். ஒரு மானிக்குரிய அளவுச் சாடியை இன்னொரு மானிக்குப் பயன்படுத்தினால் மழை இரண்டரை மடங்கு கூடியோ குறைந்தோ பதிவாகும். சாடி உடைந்து புதியது வாங்கும்போது நடக்கும் தவறு இது. பதிவேட்டில் ஒரு திகதிக்குப் பிறகு எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் மாறியிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மானியின் விளிம்பு நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில், மட்டமாக இருக்க வேண்டும். பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதில் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். 15 மீற்றர் தென்னைக்கு 30 மீற்றர். நம் வளவுகளில் இது எளிதல்ல. மானி வைத்தபோது இடுப்பளவு இருந்த மாங்கன்று பத்து வருடத்தில் கூரையைத் தாண்டும். மழை குறைந்துவருவது போல ஒரு பொய்ப் போக்கு பதிவில் உருவாகும். மரம் வெட்டிய வருடம் மழை 'திடீரென்று' கூடும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. பக்கத்து நிலையத்தின் மாரி மொத்தங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டிக் கிடைக்கோட்டிலும், நம்முடையதை அதேபோலக் கூட்டி நிலைக்கோட்டிலும் குறித்துக்கொண்டே போங்கள். புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். கோடு எந்த வருடத்தில் முறிகிறதோ, அந்த வருடத்தில் மானியின் சூழலில் ஏதோ மாறியிருக்கிறது.

பெரிய மழை நாள்தான் மாரியின் கணக்கையே தீர்மானிக்கிறது. மானி கைவிடுவதும் அந்த நாளில்தான். ஒரே நாளில் 200 மி.மீ. பெய்தால் 203 மி.மீ. மானிக்குள் ஆறரை லீற்றர் சேர வேண்டும். உள்ளே இருக்கும் போத்தல் நிரம்பி வழிந்தால் வெளிக் கலனில் தேங்கியதையும் சேர்த்து அளக்க வேண்டும். அந்தக் கலனும் துருப்பிடித்து ஒழுகினால் மாரியின் மிக முக்கியமான எண் தொலைந்துவிடும். அடைமழை எதிர்பார்க்கும் நாளில் காலை 8.30 வரை காத்திராமல் இரவிலேயே ஒருமுறை அளந்து ஊற்றிவிட்டு, இரண்டையும் கூட்டி எழுதுவது நல்லது.

காற்றும் திருடும். பலத்த காற்றில் துளிகள் மானியின் வாய்க்கு மேலால் பறந்துபோகும், அதனால் புயல் மழை எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகும். பனியில் இந்தத் திருட்டு மிகப் பெரிது. இலேசான பனித்துகள்களில் பாதியைக்கூட மானி பிடிக்காமல் விடக்கூடும். அதனால்தான் பனி நாடுகளில் மானியை மட்டும் நம்பாமல், நிலத்தில் சேர்ந்த பனிக்குள் குழாயைச் செலுத்தி எடுத்து, நிறுத்துப் பார்த்து, உருகினால் எத்தனை மி.மீ. நீர் என்று கணக்கிடுகிறார்கள்.

இன்னொரு சிறிய விடயம். வாசிப்பவர் மூன்று நாள் ஊரில் இல்லாமல் நான்காம் நாள் அளந்தால் மொத்தம் சரியாகவே இருக்கும். ஆனால் மூன்று நாள் வறட்சியும் ஒரு பெருமழையும் என்று பதிவாகிவிடும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'நான்கு நாள் கூட்டு' என்று எழுதத் தவறக்கூடாது. அளக்காத நாளுக்குச் சுழியம் போடுவது அதைவிட மோசமான பிழை. சுழியம் என்றால் மழை இல்லை. கோடு போட்டால்தான் அளக்கவில்லை என்று பொருள்.

மூன்று மாரிகள்

2010–11. பசிபிக் சமுத்திரத்தின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழமையைவிடக் குளிரும் லா நினா வலுவாக இருந்த காலம். 2011 சனவரி முதல் பாதியில் கிழக்கு மாகாணத்தில் மழை விடாமல் பெய்தது. நாடளவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பெப்ரவரித் தொடக்கத்தில் இரண்டாவது வெள்ளம் வந்தது. திருகோணமலை மாவட்டத்தில் மகாவலி கடலைச் சேரும் மூதூர், கிண்ணியாப் பக்கமும் வெருகலும் நீரில் நின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகாவலியின் கீழ்ப்பகுதியில் வரும் வெள்ளத்தில் உள்ளூர் மழையின் பங்கு ஒரு பகுதிதான். மத்திய மலைநாட்டில் பெய்தது பிறகு வந்து சேரும். உள்ளூர் மானியில் மழை ஓய்ந்த பிறகும் ஆறு ஏறுவது இதனால்தான்.

அந்த மாரியின் அழிவுக்குக் காரணம் அளவு மட்டுமல்ல, காலமும். ஒக்டோபர், நவம்பரில் விதைத்த மூன்றரை மாத நெல் சனவரியில் கதிர் தள்ளியும் பால் பிடித்தும் நிற்கும். நவம்பரில் வந்திருந்தால் குளத்தை நிரப்பியிருக்கக்கூடிய நீர், சனவரியில் வந்து கதிரைச் சாய்த்து முளைக்கவைத்தது. நவம்பரில் நாற்று அழிந்தால் மறுபடி விதைக்க நாள் இருக்கும். சனவரியில் அழிந்தால் அந்தப் போகம் போனதுதான்.

2016–17. இந்து சமுத்திரத்தின் இருமுனைச் சுழற்சி 2016 நடுப்பகுதியில் வலுவான எதிர்நிலைக்குப் போனது. அதாவது சுமத்திராப் பக்கம் கடல் வழமையைவிடச் சூடாகவும், ஆபிரிக்கப் பக்கம் குளிராகவும் இருந்தது. மழை மேகங்கள் கிழக்கே, இந்தோனேசியாப் பக்கம் ஒதுங்கின. ஒக்டோபர், நவம்பர் மழை பொய்த்தது, டிசம்பரும் ஈடுசெய்யவில்லை. நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி என்று அது விவரிக்கப்பட்டது. நாட்டின் நெல் உற்பத்தி 2016இல் ஏறத்தாழ 44 லட்சம் தொன். 2017இல் அது 24 லட்சம் தொன் அளவுக்கு விழுந்தது. ஒரு போகம் மட்டும் தவறியிருந்தால் இவ்வளவு விழுந்திருக்காது. பெரும்போகத்துக்கு மழை இல்லை. குளங்கள் நிரம்பாததால் சிறுபோகத்துக்குத் தண்ணீரும் இல்லை. ஒரு மாரி தவறினால் இரண்டு போகமும் போகும் என்பதை அந்த வருடம் எல்லோருக்கும் காட்டியது.

2020–21. டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே, அதற்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையில் ஏறியது. காற்று மணிக்கு 80, 90 கி.மீ. அளவில். தீவைக் குறுக்காகக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. பெருமழை வடக்கே முல்லைத்தீவு, யாழ்ப்பாணப் பக்கம் விழுந்தது. கரையேறிய இடத்துக்கு அருகில் இருந்தும் திருகோணமலை நகருக்குப் பெரும் சேதம் இல்லை. புயல் 60, 70 கி.மீ. தெற்கே ஏறியிருந்தால் இந்த மாவட்டத்தின் மாரிக் கணக்கு முற்றிலும் வேறாக இருந்திருக்கும். 2000 டிசம்பர் 26இல் கிழக்குக் கரையில் ஏறிய புயல் அதற்குச் சான்று. புயல் என்பது ஒன்றிரண்டு நாள்தான். ஆனால் அதன் மழை சேர்ந்தால் சாதாரண மாரி ஈரமான மாரியாகிறது. தவறினால் குறைந்த மாரியாகிறது. எந்தச் சமுத்திரச் சுட்டெண்ணும் இதை மூன்று மாதம் முன்னதாகச் சொல்லாது.

ஏன் மாறுகிறது

முதல் காரணி மேலே சொன்ன இருமுனைச் சுழற்சி. நேர்நிலையில் கடலின் மேற்குப் பக்கம் சூடாகி, சுமத்திராப் பக்கம் குளிர்ந்து, நிலநடுக்கோட்டை ஒட்டிக் கீழைக்காற்று வலுக்கிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இலங்கைக்கு மழை கூடும். 1997, 2019 இரண்டும் வலுவான நேர்நிலை வருடங்கள். 2019 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் வெள்ளம் வந்தது. எதிர்நிலைக்கு 2016ஐப் பார்த்தோம்.

இரண்டாவது எல் நினோ, லா நினா. லா நினாவில் குளிரும் அதே பசிபிக் பகுதி வழமையைவிடச் சூடாவதுதான் எல் நினோ. இதில்தான் குழப்பம் அதிகம். இந்தியாவின் தென்மேல் பருவத்தைப் பற்றிப் படித்தவர்கள் 'எல் நினோ என்றால் வறட்சி' என்று மனதில் வைத்திருப்பார்கள். நம் மாரிக்கு அது அப்படியே பொருந்தாது. எல் நினோ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடும் சாய்வும், அடுத்த சனவரி முதல் மார்ச் வரை குறையும் சாய்வும் உண்டு. லா நினாவில் இது பெரும்பாலும் தலைகீழ்: மாரியின் முன்பாதி மெலியும், பின்பாதி கனக்கும். 2011 சனவரி அந்த வடிவத்தில் வந்தது. ஐந்து மாதத்தையும் ஒரே மொத்தமாகக் கூட்டினால் இந்த இரண்டு எதிர் விளைவுகளும் ஒன்றையொன்று தின்றுவிடும். 'எல் நினோவுக்கும் நம் மழைக்கும் தொடர்பே இல்லை' என்ற பிழையான முடிவு வரும். தொடர்பு இருக்கிறது, ஆனால் மாரியை இரண்டு பாதியாகப் பார்த்தால்தான் தெரியும்.

இது சாய்வு மட்டுமே. 2023–24 எல் நினோ மாரியில் சனவரி காய்ந்திருக்க வேண்டும். ஆனால் 2024 சனவரியில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெள்ளம் வந்தது, சேனநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. பகடையின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கனமாக்குவதோடு சமுத்திரத்தின் வேலை முடிந்துவிடுகிறது.

அந்தச் சாய்வை மீறுபவற்றில் முக்கியமானது மேடன்–யூலியன் அலைவு. 30 முதல் 60 நாளுக்கொரு தடவை மேற்கிலிருந்து கிழக்காக நகரும் மேகத் திரள் அது. இந்து சமுத்திரத்துக்கு மேல் நிற்கும் கட்டங்களை இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். அது சரியாக நவம்பரில் வந்து நின்றால் இரண்டு வாரம் மழை நிற்காது. தாண்டிப் போனால் மூன்று வாரம் வெயில். ஒரு மாரிக்குள் இப்படி மூன்று நான்கு சுற்றுகள் வரலாம். அவற்றின் உச்சம் எந்த மாதத்தில் விழுகிறது என்பதில் ஒரு வருடத்துக்கும் மறு வருடத்துக்கும் பெரிய வித்தியாசம் வருகிறது.

வெண்பனியோடு ஓர் ஒப்பீடு

பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி நம் பிராந்தியத்தில் பனியில்தான் தொடங்கியது. இந்திய வளிமண்டலவியல் திணைக்களத்தின் முதல் தலைவரான ஹென்றி பிளான்போர்ட், இமயமலையில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனி கூடுதலாகக் கிடந்தால் அதற்குப் பிறகு வரும் தென்மேல் பருவம் மெலியும் என்று 1884இல் எழுதினார். பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். உருகுவதற்கும் வெப்பத்தைத் தின்னும். நிலம் சூடாகத் தாமதமாகும். இயக்கம் அறிவுக்குப் பொருந்தியது, ஆனால் தொடர்பு எல்லாக் காலத்திலும் ஒரே பலத்தோடு நிற்கவில்லை. அது பேசுவது இந்தியாவின் யூன் முதல் செப்டெம்பர் வரையான மழையைப் பற்றி. இமயமலைப் பனிச் செய்தியைக் கண்டு நம் கார்த்திகை மழைக்குச் சோதிடம் சொல்வதற்கு அதில் இடமில்லை.

நமக்கு உண்மையில் பயன்படுவது பனிக் கணக்கின் இன்னொரு பாடம். வட அரைக்கோளத்தின் பனிப் பரப்பை 1966 முதல் செய்மதிப் படங்களிலிருந்து வரைந்துவருகிறார்கள். சனவரி உச்சத்தில் அது சுமார் 4.6 கோடி சதுர கி.மீ. நடுக்குளிர்காலப் பரப்பு வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கினாலும் நீண்டகாலத்தில் அவ்வளவாக மாறவில்லை. வசந்தகாலப் பரப்பு, குறிப்பாக யூனில், தெளிவாகச் சுருங்கிவருகிறது. பனி முந்தி உருகுகிறது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாட்டின் கூர்மை தெரிந்திருக்காது.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை இன்னும் தெளிவான உதாரணம். ஏப்ரல் தொடக்கத்தில் மலையில் இருக்கும் பனி நீரின் அளவை அங்கே ஆண்டின் முக்கியமான எண்ணாகக் கொள்கிறார்கள். 2015இல் அது சராசரியின் 5 சதவீதம். 2023இல் 237 சதவீதம். ஆனால் 2015 குளிர்காலத்தில் மழை அதே அளவுக்குப் பொய்க்கவில்லை. அந்தக் குளிர்காலம் மிகச் சூடாக இருந்ததால், பனியாகத் தங்கியிருக்க வேண்டியதில் ஒரு பகுதி மழையாக விழுந்து உடனே ஓடிவிட்டது. வானத்திலிருந்து வந்தது ஒரு கணக்கு, தங்கியது வேறு கணக்கு. அவர்களுக்கு மலைப்பனி கட்டு இல்லாத குளம். நமக்குக் கட்டோடு குளம் இருக்கிறது, என்றாலும் இந்த இரண்டு கணக்கும் நமக்கும் வேறு வேறுதான்.

வானக் கணக்கும் குளக் கணக்கும்

ஒரு சதுர கி.மீ. நிலத்தில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1,000 கன மீற்றர் நீர். ஓர் ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர், 1,233 கன மீற்றர். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் மீதி வெறும் பெருக்கல்தான்.

நீரேந்து பரப்பு 10 சதுர கி.மீ. உள்ள ஒரு சிறு குளத்தை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி முழுவதும் சிறு சிறு மழையாக 300 மி.மீ. விழுந்தால், காய்ந்த மண் குடித்தும் காட்டு மரங்கள் உறிஞ்சியும் பத்தில் ஒரு பங்குதான் குளத்துக்கு வரும் என்று வையுங்கள்: 3 லட்சம் கன மீற்றர், 243 ஏக்கர் அடி. மண் ஊறிய பிறகு, மார்கழியில், ஒரே நாளில் 200 மி.மீ. விழுந்து பாதி ஓடிவந்தால் 10 லட்சம் கன மீற்றர், 811 ஏக்கர் அடி. குறைந்த மழை மூன்று மடங்குக்கும் மேல் நீர் தந்தது. பங்கு விகிதங்கள் குளத்துக்குக் குளம் மாறும்; கட்டை ஒட்டிய அளவுக்கோலில் நீர் மட்டத்தை மழைக்கு முன்னும் பின்னும் வாசித்து, சொந்தக் குளத்துக்கான விகிதத்தைச் சில மாரிகளில் கண்டுபிடித்துவிடலாம்.

இதிலிருந்து வருவதுதான் இந்த ஆய்வின் மையமான கருத்து. பெரும்போகப் பயிருக்கு நல்ல மாரியும் சிறுபோகக் குளத்துக்கு நல்ல மாரியும் ஒன்றல்ல. ஐந்தாறு நாளுக்கொரு தடவை 20, 30 மி.மீ. என்று பெய்துகொண்டிருந்தால் வயல் செழிக்கும், துருசே திறக்க வேண்டியிருக்காது, ஆனால் குளத்தில் நீர் ஏறாது. இரண்டு பெருமழையும் நீண்ட இடைவெளிகளும் வந்தால் குளம் வான் பாயும், மேட்டு வயல் கருகும். மாரி மொத்தம் இரண்டுக்கும் 1,000 மி.மீ. என்றே இருக்கலாம்.

கந்தளாய்க் குளத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதற்கு மின்னேரியாப் பக்கமிருந்து வரும் பழைய கால்வாய் வழியாக அம்பன் கங்கை நீரும் வருகிறது. கந்தளாய் நிரம்பியிருப்பது உள்ளூர் மழை நன்றாக இருந்ததற்குச் சாட்சியாகாது. தம்பலகாமம் வயல்வெளி சிறுபோகத்தில் பச்சையாக இருக்கும்போதே குச்சவெளி, திரியாய்ப் பக்கத்துச் சிறு குளங்கள் வெடித்துக் கிடக்கலாம். உள்ளூர் மழையை மட்டும் நம்பும் மானாவாரிக் குளங்களைத் தனியாகவே பார்க்க வேண்டும்.

சேர்ந்த நீரும் அப்படியே இருக்காது. வெயில் காலத்தில் திறந்த நீரிலிருந்து நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகும் என்று வைத்தால், மார்ச் முதல் ஆறு மாதத்தில் 900 மி.மீ. போகும். சராசரி ஆழம் இரண்டு மீற்றர் மட்டுமே உள்ள குளத்தில் அது ஏறத்தாழப் பாதி ஆழம். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் இன்னும் வேகம். சிறுபோகத்தைப் பிந்தி ஆரம்பிப்பதால் இழப்பது எவ்வளவு என்பதை, விதைப்புத் திகதியை முடிவுசெய்யும் ஆரம்பக் கூட்டத்தில் ஏக்கர் அடியில் சொன்னால், திகதியைத் தள்ளிப்போடும் பேச்சு குறையும்.

பத்து மாரியை வைத்து ஒரு கணக்கு

கீழே உள்ளவை அளவீடுகள் அல்ல. கணக்கு விளங்குவதற்காக எடுத்த எண்கள். பத்து மாரிகளின் மொத்தம் மி.மீ.இல்: 1180, 760, 1420, 990, 540, 1130, 870, 2190, 1040, 1210.

சராசரி 1,133. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வரும் இரண்டு எண்கள் 1040, 1130, இடைநிலை 1,085. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் நியம விலகல் 447. சராசரியால் வகுத்தால் 39 சதவீத மாறுதன்மை. இப்போது புயல் வந்த 2190ஐ மட்டும் எடுத்துவிடுங்கள். சராசரி 1,016 ஆகிறது, இடைநிலை 1,040. நியம விலகல் 264, மாறுதன்மை 26 சதவீதம். ஒரேயொரு மாரி மாறுதன்மையை 26இலிருந்து 39க்கு ஏற்றியிருக்கிறது. 'மழை முன்னைவிடத் தாறுமாறாகிவிட்டது' என்று பத்து வருடப் பதிவை வைத்து யாராவது சொன்னால், அது ஒரு புயலின் வேலையா என்று முதலில் பார்க்க வேண்டும். போக்கைப் பற்றிப் பேச முப்பது மாரியாவது வேண்டும்.

வயலுக்கு முடிவெடுக்கச் சராசரி உதவாது, இடைநிலையும் போதாது. இடைநிலையை நம்பி விதைத்தால் இரண்டு வருடத்தில் ஒரு வருடம் தண்ணீர் குறையும். அடுக்கிய வரிசையில் இரண்டாவது குறைந்த எண்ணை எடுங்கள்: 760. வரிசை எண் இரண்டை, எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிய பதினொன்றால் வகுத்தால் 18 சதவீதம். ஐந்தாறு வருடத்தில் ஒரு தடவை இவ்வளவோ இதற்குக் கீழோ வரலாம். திட்டமிடும் எண் இதுதான். வங்கியில் நகை வைத்து விதைப்பவருக்கு நல்ல வருடத்தின் இலாபத்தைவிடக் கெட்ட வருடத்தில் தாக்குப்பிடிப்பதுதான் முக்கியம்.

ஒவ்வொரு மாரிக்கும் மொத்தத்தோடு இன்னும் நான்கு எண்களை எழுதிவைத்தால் போதும்: முன்பாதி மழை, அதாவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, பின்பாதி மழை, சனவரியும் பெப்ரவரியும், மிகக் கூடிய ஐந்து நாள் கூட்டுத்தொகை, நவம்பர் 1க்குப் பிறகு வந்த மிக நீண்ட மழையில்லா இடைவெளி. 2 மி.மீ.க்குக் குறைந்த நாளை மழையில்லா நாளாகவே எடுக்கலாம். அந்த ஈரம் வெயிலுக்கு முன் நிற்காது. ஐந்து நாள் கூட்டுத்தொகை குளத்தைப் பற்றிச் சொல்லும், நீண்ட இடைவெளி மேட்டு வயலைப் பற்றிச் சொல்லும்.

மாரி தொடங்கிய திகதியும் வேண்டும். இதற்கு எளிய விதி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஒக்டோபர் 1க்குப் பிறகு ஐந்து நாளில் 40 மி.மீ. சேர வேண்டும், அடுத்த இருபது நாளில் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து காயக்கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். காய்ந்த மண்ணில் புழுதி விதைப்புச் செய்தவர்களைக் கவிழ்ப்பது மழை வராமை அல்ல, வந்துவிட்டுப் போவதுதான். ஐப்பசி முதல் வாரத்து இடிமழையில் விதை முளைத்து, பத்து நாள் வெயிலில் கருகினால் ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் போய்விடும். மறு விதைப்புக்கு இன்னும் இரண்டு. முதல் இடிமழையைக் கண்டு விதைக்காமல், மழை பரவலாகப் பெய்கிறதா என்று நாலு ஊரில் கேட்டுவிட்டு விதைப்பது பாதுகாப்பு. இடிமழை ஓர் ஊரோடு நின்றுவிடும். கடலில் தாழமுக்கம் உருவாகித் தரும் மழை மாவட்டம் முழுக்கப் பெய்யும்.

விதைப்புப் பிந்தினால் இனத்தை மாற்ற வேண்டும். நவம்பர் நடுப்பகுதி தாண்டியும் மழை பிடிக்காவிட்டால், நான்கு மாத நெல்லோ மூன்றரை மாத ஏடி 362, பிஜி 352 போன்றவையோ வேண்டாம். மூன்று மாத பிஜி 300க்குப் போவது புத்தி. லா நினா அறிவிக்கப்பட்ட வருடத்தில் இதற்கு இன்னொரு நியாயமும் உண்டு: முன்பாதி மெலிந்தால் விதைப்புப் பிந்தும், பின்பாதி கனத்தால் அறுவடை நேரத்தில் மழை பிடிக்கும், நீண்ட வயதுப் பயிர் இரண்டு பக்கமும் அடிபடும். தாழ்ந்த வயல்களில், குறிப்பாக மூதூர், வெருகல் பக்கம், அந்த வருடங்களில் வடிகால் வாய்க்காலை மார்கழிக்கு முன்பே வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சனவரியில் வயலுக்குள் இடுப்பளவு நீர் நிற்கும்போது மண்வெட்டியோடு இறங்கிப் பயனில்லை.

நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலில் சின்ன வெங்காயம் செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுடைய குளம் மணலுக்கு அடியில் இருக்கிறது. கடல் உப்பு நீரின் மேல் மிதக்கும் நல்ல நீரை மாரி மழைதான் நிரப்புகிறது. மணல் வேகமாகக் குடிப்பதால் சிறு மழையும் அங்கே வீணாவதில்லை. மழை குறைந்த மாரிக்குப் பிறகு பெரிய பம்பி வைத்து ஒரே நேரத்தில் இறைத்தால் அடியிலுள்ள உப்பு நீர் மேலே ஏறும். ஏறியதை இறக்க அடுத்த மாரி வரை காத்திருக்க வேண்டும். பெப்ரவரி கடைசியில் கிணற்றின் நீர்மட்டத்தை விளிம்பிலிருந்து கயிற்றால் அளந்து, மழைப் பதிவேட்டின் அதே பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். ஐந்தாறு மாரிகளின் எண்கள் சேர்ந்ததும், எந்த மட்டத்துக்குக் கீழ் போனால் ஆவணியில் நீர் உவர்க்கிறது என்பது அந்தப் பக்கங்களிலேயே தெரியும்.